அரத்திற் பிறந்த ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கில மொழியில் 'றாஸ்பி' என்றொரு பெயரடை வழங்குகின்றது. பூனையின் நாக்குக் கையில் பட்டால் அது 'றாஸ்பி' என்பர். சீவாத பலகையின் மேற்புறத்தையும் அவ்வாறே கூறுவர். சளி பிடித்தவரின் குரலும் 'றாஸ்பி'. தேய்ந்த இசைத்தட்டின்மேல் ஊசி உரசும்போது எழும் ஓசையும் 'றாஸ்பி'. முன்னைய இரண்டும் தோலால் அறியப்படுவன. பின்னைய இரண்டும் செவியால் அறியப்படுவன. இரு வேறு புலன்களுக்கு ஒரே சொல் எவ்வாறு உரியதாயிற்று? அச்சொல்லைத் தமிழிற் கூற வேண்டுமாயின் எதனைக் கூறுவது? இவ்விரு வினாக்களும் இங்கு ஆராயத்தக்கவை.

வினா சிறிது போலத் தோன்றும். வகுப்பறையில் அது சிறிதன்று. ஒரு மூதாட்டி தன் பேரனை 'றாஸ்பி' குரலில் அழைத்தாள் என்று ஆங்கிலப் பாடத்தில் ஒரு வாக்கியம் வருவதாகக் கொள்வோம். மாணவன் அகராதியைப் புரட்டுகின்றான். 'கரடுமுரடான', 'உராய்கின்ற', 'கடுமையான' என்று மூன்று பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. குரலுக்குக் 'கரடுமுரடான' என்பது பொருந்தாதென்று அவனுக்கே தெரிகின்றது. ஆதலால், "அம்மம்மா கடுமையான குரலில் அழைத்தாள்" என்று எழுதி முடிக்கின்றான். அன்போடு அழைத்தவள் அந்த ஒரு சொல்லால் அதட்டி அழைத்தவளாகி விடுகின்றாள். தொண்டையிலிருந்த குறை நெஞ்சின் குறையாக மாறிவிட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த சிறு வழுவென்று இதனைத் தள்ளிவிட இயலாது. ஒருவரைப் பற்றித் தவறான தீர்ப்பு ஒன்று எழுதப்பட்டுவிட்டது.

இச்சொல்லை ஆராய்வதற்கு மட்டக்களப்பின் எழுவான்கரை தக்கதோர் இடமாகும். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் இருக்க, இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில், கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில், செட்டிபாளையத்துக்குத் தெற்கேயும் களுதாவளைக்கு வடக்கேயும் தேற்றாத்தீவு என்னும் ஊர் அமைந்துள்ளது. பேச்சு வழக்கில் அதனைத் தேத்தாத்தீவு என்பர். தேற்றா மரத்தால் அவ்வூர் பெயர் பெற்றதென்பது வழக்கு. அம்மரத்தின் கொட்டை கலங்கிய நீரைத் தெளிவிக்கும் இயல்புடையது. கொட்டையை நீரில் வெறுமனே இட்டால் அப்பயன் நன்கு கிட்டாது. மண்குடத்தின் உட்புறத்தில் அதனை நன்றாகத் தேய்த்து, பின்னரே நீரை ஊற்றி வைத்தல் முறை. வழவழப்பான பாத்திரத்திற் கொட்டை தேயாது; மண்குடத்தின் உட்புறம் சொரசொரப்பாக இருத்தலினாலேயே தேய்கின்றது. இச்செய்தியை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். முடிவில் இது மீண்டும் பயன்படும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைக் காண்போம். 'றாஸ்ப்' என்பது ஒரு கருவியின் பெயர். தச்சரும் குதிரைக்கு இலாடம் கட்டுவோரும் அதனைக் கையாளுவர். அது ஒருவகை அரம். இரும்பை அராவும் சாதாரண அரத்தில் நேர்நேராக வெட்டிய கோடுகள் இருக்கும். 'றாஸ்ப்' என்னும் அரத்திலோ பற்கள் தனித்தனியாக மேலெழும்பி நிற்கும். மரம், கொம்பு, குளம்பு முதலியவற்றை அது விரைவாகத் தேய்க்கும். தேய்த்த இடமும் மென்மையாக அமையாது, சொரசொரவென்றே நிற்கும். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் சுரண்டுதல் என்னும் பொருள் தரும் வினையிலிருந்து இடைக்காலத்தில் ஆங்கிலத்திற் புகுந்தது. தேங்காய், பாலாடைக்கட்டி முதலியவற்றைத் துருவும் கருவிக்குப் பிரெஞ்சு மொழியில் இன்றும் வழங்கும் பெயர் அதனோடு உடன்பிறந்ததே.

ஒல்லாந்தர் நாட்டில் ஆம்ஸ்ரர்டாம் நகரில் 1596ஆம் ஆண்டில் ஒரு சிறைச்சாலை அமைக்கப்பட்டது. சாயத்துக்கு உதவும் சிவந்த மரக்கட்டைகளை இத்தகைய பற்களுடைய கருவியால் அராவித் தூளாக்குவதே அங்கிருந்த கைதிகளின் வேலை. அதனால் அச்சிறைக்கே 'றாஸ்ப் வீடு' என்று பெயர் வந்தது. நாள் முழுவதும் அந்த உராய்வொலி ஓயாது எழும் மனையொன்றை எண்ணிப் பார்த்தால், கருவியின் பெயர் ஓசைக்கும் ஏறியதில் வியப்பொன்றுமில்லை. ஒரே செயலிற் கருவி, அது விட்டுச் செல்லும் மேற்பரப்பு, அப்போது எழும் ஓசை ஆகிய மூன்றும் ஒருங்கே பிறக்கின்றன. 'றாஸ்பி' என்னும் பெயரடை 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தபோது, அம்மூன்றின் நினைவையும் சுமந்துகொண்டே வந்தது.

இச்சொல்லுக்கு உறவான வேறு சில சொற்களும் ஆங்கிலத்தில் உள. மாணவர் அவற்றையெல்லாம் ஒன்றாகக் கருதி மயங்குவர். 'றஃப்' என்பது மிகப் பொதுவான சொல். பாதை, கடல், துணி, பேச்சு, கணக்கு ஆகிய யாவற்றுக்கும் அது வரும். 'ஹோர்ஸ்' என்பது தொண்டைக்கு மாத்திரம் உரியது. கத்திக் கத்திக் குரல் அடைத்தவரையும் காகத்தின் கரைதலையும் அச்சொல்லாற் குறிப்பர். 'ஹார்ஷ்' என்பது தொடக்கத்திற் கைக்கும் நாவுக்கும் உரியதாயிருந்து, பின்னர் ஒலிக்கும் ஒளிக்கும் சென்று, இறுதியில் மனிதரின் நடத்தைக்கும் சட்டத்துக்கும் தண்டனைக்கும் உரியதாயிற்று. 'றாஸ்பி' அவ்வளவு தூரம் செல்லவில்லை. அது மேற்பரப்பையும் ஓசையையும் கூறும். உள்ளத்தைப் பற்றி ஒன்றும் கூறாது. மேலே கண்ட மாணவன் செய்த தவறு யாதெனில், 'றாஸ்பி' என்பதற்கு 'ஹார்ஷ்' என்பதன் பொருளை ஏற்றியதேயாம்.

தோலுக்குரிய சொல் செவிக்குச் செல்வது ஆங்கிலத்திற்கு மாத்திரம் உரியதன்று. இத்தகைய பெயர்ச்சிகளை ஸ்ரீபன் உல்மன் என்னும் மொழியறிஞர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவாக ஆராய்ந்தார். பின்னர் 1976ஆம் ஆண்டில் ஜோசப் வில்லியம்ஸ் என்பவர் ஆங்கிலப் பெயரடைகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, அவை பெரும்பாலும் ஒரு திசையிலேயே செல்கின்றன என்று காட்டினார். தொடுகைக்குரிய சொல் சுவைக்கும் நிறத்துக்கும் ஒலிக்கும் செல்லும்; ஒலிக்குரிய சொல் தொடுகைக்குத் திரும்பி வருதல் அரிது. தமிழிலும் மென்மையான குரல் என்கின்றோம்; கனத்த குரல் என்கின்றோம்; கூரிய ஓசை என்கின்றோம். மென்மையும் கனமும் கூர்மையும் கையால் அறியப்படுவனவே.

தமிழிலக்கணம் இவ்வுண்மையைத் தன் அடித்தளத்திலேயே வைத்துக் கட்டப்பட்டது. தொல்காப்பியர் மெய்யெழுத்துகளை வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து எனப் பகுத்தார். வன்மையும் மென்மையும் ஊற்றுணர்வின் பெயர்கள். ஆயினும் அவற்றால் வகுக்கப்பட்டவை ஒலிகள். செய்யுளின் ஓசையைக் கூறுமிடத்தும் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்றார். அரிச்சுவடி கற்கும் ஆறு வயதுப் பிள்ளை 'வல்லினம்' என்று சொல்லும்போது, தான் அறியாமலே ஒலியைக் கையால் தொட்டுப் பார்க்கின்றது.

இன்னும் நுட்பமானதொரு சான்றும் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் உயிரல்லாத பொருள்களின் குணங்களைத் தொகுத்துக் கூறும்போது, ஊறு எட்டு வகைப்படும் என்றார். வெம்மை, தண்மை, மென்மை, வன்மை, நொய்மை, திண்மை, இழுமெனல், சருச்சரை என்பன அவ்வெட்டும். இறுதியில் நிற்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று மறுதலை. இழுமெனல் என்பது வழவழப்பு. சருச்சரை என்பது சொரசொரப்பு. இவ்விரண்டும் ஓசையைப் போலச் செய்து அமைந்த சொற்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். கை வழுக்கிச் செல்வது 'இழும்' என்றும், கை உரசிச் செல்வது 'சரு சரு' என்றும் நம் முன்னோர் செவிக்குப் பட்டது. செவிக்கினிய சொற்களால் ஆகிய செய்யுளைக் குறிக்கவும் தொல்காப்பியர் 'இழுமென் மொழி' என்றே வழங்கினார். ஆகவே, ஊற்றுக்கும் ஓசைக்கும் ஒரே சொல்லைக் கையாளும் வழக்கம் ஆங்கிலத்திடமிருந்து தமிழர் கற்க வேண்டியதொன்றன்று.

இனி, இன்று வழங்கும் சொற்களை நோக்குவோம். 'சொரசொரப்பு', 'சுரசுரப்பு' என்பன மேற்பரப்புக்கு உரியவை. திருக்கை மீனின் தோல், பூசி முடியாத சீமெந்துச் சுவர், வெயிலில் உலர்ந்த தும்புக்கயிறு ஆகியவை சொரசொரப்பானவை. 'கரடுமுரடு' என்பது அதனினும் பெரிய மேடுபள்ளங்களைக் குறிக்கும். கண்ணாற் காணத்தக்க பாறைக்கும் பாதைக்கும் அது பொருந்தும். 'கருக்கு' என்பது பனைமட்டையின் ஓரத்திலுள்ள வாள் போன்ற பல்வரிசை; தடவினால் உறுத்துவதோடு நில்லாது, அது அறுக்கவும் செய்யும். 'நறநற' என்பது சோற்றிற் கல் கடிபடும்போதும் பல்லைக் கடிக்கும்போதும் எழுவது. 'சரசர' என்பது காய்ந்த ஓலையின் ஓசை. இவற்றுள் 'றாஸ்பி' என்பதற்கு மிக அண்மையில் நிற்பது 'கரகரப்பு'. தொண்டை கரகரக்கின்றது என்னும்போது அது உள்ளே உணரும் ஓர் உறுத்தல்; குரல் கரகரக்கின்றது என்னும்போது அது வெளியே கேட்கும் ஓர் ஓசை. ஒரே சொல் இரு புலன்களையும் தழுவி நிற்கின்றது.

ஈழத்துத் தச்சர் மரத்தை மினுக்குவதற்குப் பயன்படுத்தும் தாளை அரத்தாள் என்பர். தமிழகத்தில் அதனை உப்புத்தாள் என்பர். அத்தாள் பரவுவதற்கு முன்னர் பராய் மரத்தின் இலை அப்பணியைச் செய்தது. வறண்ட நிலக் காடுகளில் வளரும் அம்மரத்தின் இலையைத் தடவினால் அரத்தைத் தடவுவது போலிருக்கும். தாவர நூலார் அதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பின்னடை 'ஆஸ்பெர்' என்பது. கரடுமுரடானது என்பது அதன் பொருள். உரோமர் அச்சொல்லை நிலத்துக்கும் புளித்த மதுவுக்கும் உறுத்தும் ஓசைக்கும் சேர்த்தே வழங்கினர். திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள திருப்பராய்த்துறை இம்மரத்தாற் பெயர் பெற்ற தலம். சொரசொரப்பான இலையும் ஓர் ஊருக்குப் பெயராகி நிலைத்தது.

மேலே கூறிய சொற்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சொரசொர, சுரசுர, கரகர, சரசர, நறநற, கரடு, முரடு, அரம் ஆகிய யாவற்றிலும் ரகரமோ றகரமோ ஒலிக்கின்றது. வழவழ, மழமழ, மெழுகு, இழுமெனல் என்னும் சொற்களில் ழகரம் நெகிழ்ந்து ஓடுகின்றது. இது தற்செயலா? கிரேக்க ஞானியாகிய பிளேற்றோ, சொற்களைப் பற்றிய தம் உரையாடல் நூலொன்றிலேயே, நாக்கு வழுக்கிச் செல்லும் லகர ஒலி வழுவழுப்பானவற்றுக்குப் பொருந்துகின்றதென்ற கருத்தைச் சோக்கிரதரின் வாயிலாகக் கூறினார். 2022ஆம் ஆண்டில் வின்ரர் முதலிய நால்வர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை அளந்து காட்டியது. 332 மொழிகளை எடுத்து நோக்கியபோது, நாநுனி அதிர ஒலிக்கும் ரகரம் சொரசொரப்பைக் குறிக்கும் சொற்களில் மிகுந்தும், வழவழப்பைக் குறிக்கும் சொற்களிற் குறைந்தும் காணப்பட்டது. இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் இவ்வழக்கம் குறைந்தது 6000 ஆண்டுப் பழமையுடையதென்றும் அவர்கள் கருதினர். அதிரும் நாக்கும் உராயும் கையும் ஒரே வகையாகத் துள்ளித் துள்ளிச் செல்கின்றன என்பதே காரணம். இதனை விலக்கற்ற விதியென்று கொள்ளுதல் கூடாது. 'மிருது' என்னும் சொல்லிலும் ரகரம் உண்டு. அது மென்மையையே குறிக்கின்றது. மொழியின் சாய்வு இன்னதென்று கூறலாம், கட்டளையென்று கூறவியலாது.

சொற்கள் இவ்வாறு உறவாடுவதற்கு உடலமைப்பிலும் அடிப்படை உண்டு. நுண்ணிய சொரசொரப்பை அறிவதற்கு விரலை அசையாது வைத்தாற் போதாது. அதனை நகர்த்தல் வேண்டும். நகரும்போது தோலில் எழும் அதிர்வையே நரம்புகள் உணர்கின்றன. செருமானிய உளநூலறிஞர் டேவிட் காற்ஸ் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை வற்புறுத்தினார். ஓசையும் அதிர்வே. ஆகவே, கையும் காதும் அதிர்வென்னும் ஒரே செய்தியை இரு வாயில்களிற் பெறுகின்றன. 1998ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை செய்தனர். ஒருவர் தம் உள்ளங்கைகளைத் தேய்க்க, அவ்வோசையின் உயர்ந்த சுருதிகளை மாத்திரம் மிகுத்து அவர் செவியில் ஒலிக்கச் செய்தனர். கைகள் முன்போலவே இருந்தும், அவை தோற்றாள் போல உலர்ந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. காது கூறியதைக் கை நம்பிற்று.

ஓசையின் கரகரப்பு எவ்வாறு உண்டாகின்றதென்பதை 1863ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இசையொலி ஆராய்ச்சி நூலில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் விளக்கினார். ஏறத்தாழ ஒத்த இரு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி எழுந்தும் தாழ்ந்தும் துடிக்கும். அத்துடிப்பு மெதுவாயின் செவி அதனை எண்ணிவிடும். வினாடிக்கு 30 அளவில் விரையுமாயின் எண்ணவியலாது; உறுத்தலாகவே கேட்கும். அவரும் அதற்குச் 'சொரசொரப்பு' என்னும் பொருளுடைய செருமானியச் சொல்லையே இட்டார். மனிதக் குரலிலும் இதுவே நிகழ்கின்றது. மூச்சுக் குழலின் மேற்பகுதியிலுள்ள இரு குரல் மடிப்புகள் வினாடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை ஒழுங்காகத் திறந்து மூடுமாயின் குரல் தெளிவாயிருக்கும். சளியாலோ கத்தியதாலோ அவை வீங்கினால் அவ்வொழுங்கு கெடும்; குரல் கரகரக்கும்.

பழந்தமிழிசை நூலாரும் ஓசையின் குற்றத்தைப் பொருளின் குற்றத்திலேயே தேடினர். யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கு குற்றங்கள் கூறினர். நரம்பில் ஒரு மயிரோ தும்போ இருப்பின் விரலுக்கு அது சிறு தடை. செவிக்கோ பெரிய உறுத்தல். சீவக சிந்தாமணியில் சீவகன் தன்னிடம் கொடுக்கப்பட்ட யாழ்களின் கோட்டிலும் நரம்பிலும் இருந்த குற்றங்களை ஆராய்ந்து காட்டியமை இவ்வறிவினாலேயே. மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ்நூலில் பழைய யாழின் அமைப்பையும் கணக்கையும் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். மட்டக்களப்பு வாவியிற் கேட்கும் இசையையும் அந்நூலில் அவர் பாடியுள்ளார்.

கல்லடிப் பாலத்தின் அருகே நிலவு நாளிரவிற் கேட்கும் அவ்வோசையே மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' ஆக்கியது. தோணியின் துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுமுனையிற் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் ரெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவ்வோசையை விவரிக்க முயன்றார். அவருக்குக் கிடைத்த உவமை யாது? கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வு என்றார். புதியதோர் ஓசையைப் பிறருக்கு உணர்த்த வேண்டியபோது, அவரும் விரலையும் தேய்த்தலையுமே துணைக்கழைத்தார். கேட்டதைச் சொல்வதற்குத் தொட்டதே துணை.

இதுகாறும் கூறியவை சொல்லின் வரலாறு. இனி, அதனாற் பெறும் பயனைக் காண்போம். அரத்தைத் தமிழரும் உவமையாகக் கையாண்டனர். திருவள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் அறிவின் கூர்மைக்கு அரத்தை உவமித்தார். பண்பில்லாவிடத்து அக்கூர்மை பயனற்றது என்றார். வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்திலோ, கடுஞ்சொல்லும் அளவு கடந்த தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்த்தழிக்கும் அரம் என்று கூறினார். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவர் அரம் என்றது கடுமையான சொல்லை, கரகரத்த குரலையன்று. ஆங்கிலேயர் குரலின் தன்மைக்கு அரத்தின் பெயரை இட்டனர். வள்ளுவர் சொல்லின் தன்மைக்கு அரத்தை உவமித்தார். குரல் வேறு, சொல் வேறு. இவ்வேறுபாட்டை மறந்தவிடத்தே தவறு பிறக்கின்றது.

இனிய குரலிற் கடுஞ்சொல் கூறுவாரும் உளர். கரகரத்த குரலில் அன்புமொழி கூறுவாரும் உளர். மட்டக்களப்பின் கிராமங்களிற் கூத்து விடியும்வரை நடைபெறும். வடமோடியாயினும் தென்மோடியாயினும், இரவு முழுவதும் மத்தளத்துக்கு மேலாகப் பாடிய அண்ணாவியாரின் குரல் வைகறையிற் கட்டிப்போயிருக்கும். களரியைச் சூழ்ந்திருப்போர் அதனைக் குறையென்று கருதார். அவர் ஊருக்காகச் செலவிட்ட குரலென்றே கருதுவர். அடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்காக நின்ற தாயின் குரலும், கடற்கரையிற் காற்றை எதிர்த்துத் தோணிக்காரரைக் கூவியழைத்தவரின் குரலும், நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நாள்தோறும் பேசும் ஆசிரியரின் குரலும் அத்தகையனவே. அவற்றைக் 'கடுமையான குரல்' என்று எழுதுவது உழைப்பைக் குற்றமாக எழுதுவதாகும்.

வைத்தியசாலையில் இவ்வேறுபாடு உயிரையே தொடுவதுண்டு. "தொண்டை சரியில்லை" என்று மட்டும் நோயாளி கூறினால், நோவா, உறுத்தலா, அடைப்பா, குரல் மாற்றமா என்பது விளங்காது. தொண்டை நோவு என்பது வேறு. விழுங்கும்போது தடை என்பது வேறு. குரல் கம்முதல் வேறு. சளியால் வந்த கம்மல் பெரும்பாலும் சில நாள்களில் நீங்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேலும் குரல் கரகரப்பு நீடிக்குமாயின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். புகைப்பிடிப்போர் இதனைச் சிறிதும் தாமதித்தல் ஆகாது. குரல்வளைப் புற்றுநோய்க்கு இது தொடக்க அடையாளமாகவும் இருக்கலாம். தொடக்கத்திற் கண்டால் அந்நோய் பெரிதும் குணப்படுத்தத்தக்கது. "என் குரல் மூன்று வாரமாகக் கரகரத்தே இருக்கின்றது" என்று திருத்தமாகச் சொல்லத் தெரிந்தவர் தமக்கே ஓர் உதவி செய்தவராவர்.

ஆகவே, 'றாஸ்பி' என்னும் சொல்லை எதிர்ப்படும் மாணவர் மூன்று வினாக்களைத் தம்முள் எழுப்புதல் நன்று. முதலாவது, அது தொடப்படுவதா, கேட்கப்படுவதா? தொடப்படுவதாயின் 'சொரசொரப்பான' என்க. இரண்டாவது, கேட்கப்படுவதாயின் அது தொண்டையிற் பிறந்ததா, பொருளிற் பிறந்ததா? தொண்டையிற் பிறந்ததாயின் 'கரகரத்த குரல்', 'கம்மிய குரல்', 'கட்டிய தொண்டை' என்பவற்றுள் இடத்துக்கேற்றதைக் கொள்க. பொருளிற் பிறந்ததாயின் 'உராய்வொலி', 'அராவும் ஓசை' என்க. மூன்றாவது, பேசியவரின் கருத்து யாது? அதனை 'றாஸ்பி' என்னும் சொல் தெரிவிப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களே தெரிவிக்கும். அவை சினத்தைக் கூறினால் மாத்திரம் கடுமையென்னும் சொல்லை எடுக்கலாம். கூறாவிடின் அதனைத் தொடாதிருத்தலே முறை. அவ்வாறு நோக்குவோமாயின் அம்மாணவனின் வாக்கியம், "அம்மம்மா கரகரத்த குரலில் அழைத்தாள்" என்று திருந்தும். திருந்தியது ஒரு சொல்லே. ஆயினும் மூதாட்டி தன் அன்போடு மீண்டும் வந்துவிட்டாள்.

அகராதி இவ்வேலையை முழுவதும் செய்து தரமாட்டாது. அது சொற்களை அடுக்கி வைக்கும். தெரிவு செய்யும் பொறுப்புப் படிப்பவருக்கே உரியது. அத்தெரிவுக்கு வேண்டிய அறிவு நூலில் மாத்திரம் இல்லை. பனங்கருக்கைத் தொட்ட கையும், அரத்தின் ஓசையைக் கேட்ட காதும், அண்ணாவியாரின் விடியற்காலைக் குரலை அறிந்த நெஞ்சும் மாணவரிடம் ஏற்கெனவே உள்ளன. அவற்றை ஆங்கிலப் பாடத்துக்குள் அழைத்து வருவதே ஆசிரியர் செய்யத்தக்கது.

தேற்றாத்தீவின் பெயருக்குக் காரணமான மரத்தை இவ்விடத்தில் மீண்டும் நினைத்தல் தகும். கலங்கிய நீர் தேற்றாங்கொட்டையால் தெளிவதைக் கலித்தொகைப் புலவர் கலங்கிய உள்ளம் தெளிவதற்கு உவமையாக்கினார். அக்கொட்டை தன் பயனைத் தருவதற்குக் குடத்தின் சொரசொரப்பு வேண்டியிருந்தது. தேய்க்கும்போது எழுவது செவிக்கினிய ஓசையன்று. 'றாஸ்பி' என்று ஆங்கிலேயர் கூறும் ஓசையே அது. பின்னர் அக்குடத்தில் ஊற்றிய நீர் சிறிது நேரத்தில் மண் அடியிற் படியத் தெளிந்து, பருகத்தக்கதாய் நிற்கின்றது.